மூன்றாவது பதக்கம் அப்பாவுடையது அல்ல

அன்பு மகளுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் உடம்பில் ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அப்பாவுக்குத் தோளில் சரியாக இருக்கிறது, கைதான் நீளம், உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். மாடி வீட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், அதட்டுவதற்குப் பிள்ளைகள் இல்லாததால் இப்போது எங்களை அதட்டுகிறாள். தெருவில் குழாய் பதிக்கிறோம் என்று பள்ளம் தோண்டி அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் பலகை மேல் நடந்து சர்க்கஸ் காட்டிக்கொண்டு வருகிறார்கள். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி சிணுங்குகிறாள் என்று சொன்னாயே, அதற்குப் போய் நீ அழாதே, இரண்டு பேரும் அழுதால் மாப்பிள்ளை யாரைச் சமாதானப்படுத்துவார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ இரண்டு சொல்வாய், நான் மூன்று சொல்வேன், கடைசியில் எதற்குப் பேச ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை, என் மேல் கோபமா என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் தூங்குகிறார், குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மனுஷன் ஒருநாளைக்கு இத்தனை தடவை குளித்தால் கரைந்தே போயிருப்பார். உண்மையைச் சொல்கிறேன், பொறுமையாக முழுவதும் படி, பாதியில் போனை எடுக்காதே.

முன்னாள் படைவீரர் சங்கத்தில் போட்டோ எடுத்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். போர்முனைப் பதக்கம் வாங்கியவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் பின்னால் நில்லுங்கள் என்று சங்கச் செயலாளர் கையால் ஒதுக்கினார். அப்பா பின்னால் போய் நின்றார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான்தான் உன்னிடம் புலம்பினேன். நீ உடனே கிளம்பிவிட்டாய், அப்பா போரில் இருந்தாரா இல்லையா, இருந்தார் என்றால் பதிவேட்டில் ஏன் இல்லை என்று கணினியில் தேடி, கடிதம் மேல் கடிதம் போட்டு, ராணுவத்தின் ஆவண அலுவலகத்தில் நீயே உன் பெயரில் அவருக்காக விண்ணப்பம் போட்டாய். அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது. அப்பா போக்குவரத்துப் பிரிவு, போர் வந்ததும் அவரையும் அவர் கூட்டாளி ரேடியோவையும் ஒரு தண்ணீர் வண்டியோடு மலைமேல் இருந்த காலாட்படைக்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆட்கள்தானே, அவர்களே எழுதியிருப்பார்கள் என்று இரவல் வாங்கியவர்கள் இருந்துவிட்டார்கள். அங்கே இருக்கும்போது அங்கேதானே எழுதுவார்கள் என்று இரவல் கொடுத்தவர்கள் இருந்துவிட்டார்கள். ஆக மொத்தம் காகிதத்தில் உன் அப்பா போர் முழுக்கக் கிடங்கில் உட்கார்ந்து டயர் எண்ணிக்கொண்டிருந்தார். ரேடியோவைப் பற்றி உனக்கு நான் சொல்லவே வேண்டாம், வாயே மூடாமல் பேசுவார் என்பதால் அந்தப் பெயர், சின்ன வயதில் அவரைப் பற்றிய கதைகளைக் கேட்டுத்தான் நீ சாப்பிடுவாய். அவர் செய்த கோமாளித்தனங்களை மட்டும்தான் அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். ரேடியோ போரில் செத்துப்போனார் என்பது எனக்கே ஒரு வரியாகத்தான் தெரியும்.

பதில் வந்த அன்று நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும், போனில் கத்தியே விட்டேன். பதிவு திருத்தப்படுகிறது, போர்முனையில் பணி செய்ததற்கு இரண்டு பதக்கம், எதிரியின் தாக்குதலில் காயம்பட்டதற்கு மூன்றாவது ஒன்று, ஒப்புதல் தெரிவித்ததும் அனுப்பி வைக்கப்படும் என்று இருந்தது. இரண்டு கேட்டோம், மூன்று கொடுக்கிறார்கள், அரசாங்கம் கூட மனம் வைத்தால் தாராளம்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவருடைய நல்ல கோட்டை எடுத்து மார்பில் மூன்று பதக்கத்துக்கும் நூல் வளையம் போட்டுவிட்டேன். அப்பா அந்தக் காகிதத்தை ஜன்னல் பக்கம் வைத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இந்த மூணாவது என்னுது இல்லை, பிரிச்சிடு" என்று கோட்டைக் காட்டினார். எனக்கு வந்ததே கோபம். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய், நான் போனை அவரிடம் கொடுத்தேன். நீ சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவங்களாத்தானே குடுக்கறாங்க, நாம ஒண்ணும் திருடலையேப்பா, பேசாம வாங்கிக்கங்க, இதுல யாருக்கு என்ன நஷ்டம்" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு நானும் உன் கட்சிதான். அவர் போனை என் கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், கோபத்தில் யாருடைய பாவாடையையோ தாறுமாறாகத் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷினை நிறுத்தச் சொன்னார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வண்டிக்கு ஓட்டுநர் என்று காகிதத்தில் இருந்தது அப்பா, துணையாள் ரேடியோ. ஆனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. தண்ணீர் நிரம்பிய வண்டி மேலே ஏறும்போது அப்பா ஓட்டுவார், அது முரண்டு பிடிக்கும், கை பழகியவர் வேண்டும். மேலே தண்ணீரை இறக்கியதும் அப்பாவுக்குத் தோள் இரண்டும் விட்டுப்போகும், அதனால் காலி வண்டியை ரேடியோ கீழே கொண்டுவருவார். விதிப்படி கூடாதுதான், எல்லா வண்டியிலும் அப்படித்தான் ஓடியது, யாரும் கேட்டதில்லை. மேலே இருந்தவர்களுக்கு இவர்கள் பெயர்கூடத் தெரியாது, தண்ணீர் வந்தாச்சு, தண்ணீர் போயாச்சு, அவ்வளவுதான். ஒருநாள் காலை இறங்கி வரும்போது சரிவில் ஒரு குண்டு விழுந்து வெடித்தது. சிதறல் கதவைத் துளைத்துக்கொண்டு ரேடியோவின் விலாவில் பாய்ந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. கை தளர்ந்து விட்டிருந்தால் வண்டி பள்ளத்தில்தான் போயிருக்கும். அவர் சக்கரத்தைப் பாறைப் பக்கம் ஒடித்துப் பிடித்து, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், மோதி நிறுத்தியிருக்கிறார். அப்பாவுக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். சொல்லும்போது அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னார். நான் கல்யாணம் கட்டிக்கொண்டவரும் உனக்கு இருக்கும் அப்பாவும் அன்றைக்கு அந்தப் பாறையில் மிஞ்சிய இவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, அழுதுவிட்டேன்.

முதலுதவிக் கூடாரத்தில் பெயர் கேட்க நேரமில்லை, தண்ணீர் வண்டி ஓட்டுநர், குண்டுச் சிதறல் காயம் என்று எழுதிக்கொண்டு ரேடியோவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே இரண்டாம் நாள் உயிர் போய்விட்டது. அப்பாவை வேறு வண்டி கொடுத்து வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். நடந்ததைத் தன் அதிகாரியிடம் சொன்னாராம், அவரும் தலையாட்டினாராம், அதோடு எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்று இவர் நம்பிவிட்டார். நீ பிறப்பதற்கு முன்பு ஒருதரம் ரேடியோவின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார், சலவைக் கடை வைத்திருந்த குடும்பம், கடை பூட்டிக் கிடந்திருக்கிறது, எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது நீ போட்ட விண்ணப்பத்துக்காக அவர்கள் தோண்டிப் பார்த்தபோது அந்தத் தண்ணீர் வண்டி ஓட்டுநர் கிடைத்திருக்கிறார், ஓட்டுநர் என்றால் காகிதத்தில் அப்பாதானே, கொண்டுவந்து அவர் தலையில் வைத்துவிட்டார்கள்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு ஆவண அலுவலகத்துக்குப் போனார். அங்கே கவுண்டரில் இருந்த பெண் உன் வயதுதான் இருக்கும், நல்ல மாதிரி, எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள். "ஐயா, நீங்க இதை வேணாம்னு எழுதிக் குடுத்தா மொத்த ஃபைலையும் மறுபடி திறப்பாங்க, அந்த ரெண்டும் கூட நின்னுடும், எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது, உங்க வயசுக்கு இது வேணுமா" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஒத்து ஊதலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அப்பா, அப்படியானால் ரேடியோவின் பதிவில் என்ன இருக்கிறது, அதையாவது பார்த்துச் சொல்லம்மா என்றார். அவள் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு எங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே படித்தாள். வாகன விபத்து, ஓட்டியவரின் கவனக்குறைவால் வண்டி பாறையில் மோதியது, மரணம். ஏனென்றால் நொறுங்கிய வண்டியும் சடலமும் வந்து சேர்ந்தது சொந்தப் பிரிவுக்கு, காயத்தின் விவரம் தங்கிவிட்டது இரவல் வாங்கிய பிரிவில். வண்டியைப் பார்த்து இவர்களாக ஒரு காரணம் எழுதிவிட்டார்கள். அவள் தேடும்போது எழுந்து நின்றிருந்த அப்பா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கையில் வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை. ரேடியோவின் பதிவைத் திருத்த முடியுமா என்று நான்தான் கேட்டேன். ரத்த சம்பந்தம் உள்ளவர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும், கூட இருந்தவர் சாட்சி எழுத வேண்டும், ஆனால் அந்தக் காயம் ஐயா பேரில் நிற்கும் வரைக்கும் அவருக்கு எதுவும் நடக்காது, இருந்தது ஒரே காயம், அதை இரண்டு பேருக்கு எழுத முடியாது என்றாள். நீ கேட்டாயே, யாருக்கு என்ன நஷ்டம் என்று. அந்தக் கேள்விக்குப் பதில் அந்த பெஞ்சில்தான் எனக்குக் கிடைத்தது.

ரேடியோவுக்கு ஒரு அக்கா இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது யார் தெரியுமா, அந்தச் சங்கச் செயலாளர்தான். எவ்வளவு அலட்டல் பேர்வழியாக இருந்தாலும் அப்பா விஷயத்தைச் சொன்னதும் மனிதர் ஒரு நாள் முழுக்கப் போனும் கையுமாக உட்கார்ந்து விசாரித்துக் கொடுத்தார், அவரை இனிமேல் நான் திட்டுவதாக இல்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். அந்த அக்கா இன்றைக்கும் சலவைக் கடைதான் வைத்திருக்கிறார், என்னைவிட மூத்தவர், வெளுத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டே பேசுகிறார், கை நிற்பதே இல்லை. தம்பியின் பெயரை அப்பா சொன்னதும் முகம் இறுகிவிட்டது. "சர்க்கார் வண்டியை உடைச்சிட்டுச் செத்தான்னு எழுதி வந்துச்சு, எங்க அப்பா அதுக்கப்புறம் கடைக்கு முன்னாடி நிக்கவே மாட்டாரு, அந்த ஊரையே விட்டுட்டு வந்தோம், இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு வந்தீங்க" என்று கேட்டார். கையெழுத்து எல்லாம் போட முடியாது, கிளம்புங்கள் என்றார். அப்பா கிளம்பவில்லை. எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னார், பாறைப் பக்கம் ஒடித்ததை, பிரேக்கிலிருந்து காலை எடுக்காததை. "உங்க தம்பி வண்டியை உடைக்கலைக்கா, என்னை இறக்கி விட்டுட்டுப் போனான்" என்றார். அப்போதுதான் அந்தக் கை நின்றது.

பின்னால் சலவை மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக என்ன பேசினான் என்று அந்த அக்கா கேட்டார். ரேடியோ அன்றைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தாராம், அக்காவைப் பற்றித்தான். "எங்கக்கா ஒரு தடவை எங்கப்பா சைக்கிளை யாருக்கும் தெரியாம எடுத்துக்கிட்டுப் போனா பாரு" என்று ஆரம்பித்துத் தானே சிரித்திருக்கிறார், அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. அதற்கு மேல் என்னவென்று எனக்குத் தெரியாது, இத்தனை வருஷமாக அந்தச் சைக்கிள் என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அந்த அக்காவின் முகத்தையே பார்த்தார். அந்த அக்கா முதலில் சிரித்தார். தெருமுனையில் ரொட்டிக்காரனின் தள்ளுவண்டியில் கொண்டுபோய் முட்டி, முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துபோய், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். தன் அப்பா அடிப்பாரே என்ற பயத்தில், தம்பிதான் எடுத்துப் போனான் என்று சொல்லிவிட்டாராம். சின்னப் பையன், எட்டு வயது, வாயே ஓயாதவன், அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் நின்று அடி வாங்கிக்கொண்டானாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "ரெண்டு தடவையும் அவன்தான் உடைச்சான்னு சொல்லிட்டோமே" என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார் பார், எனக்கு அந்த அழுகையை எழுதத் தெரியவில்லை. அப்பாவும் அழுதார். அப்புறம் அந்த அக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் கையெழுத்து என்று கேட்டார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த அக்கா கையெழுத்திட்ட விண்ணப்பம், அப்பா தன் கையால் எழுதிய சாட்சி, மூன்றாவது பதக்கம் வேண்டாம் என்று அவர் எழுதிய ஒரு பக்கம், எல்லாம் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அந்த ஆவண அலுவலகத்துப் பெண் சொன்னபடி, அப்பாவின் விண்ணப்பம் உன் பெயரில், உன் கணக்கு வழியாகப் போயிருப்பதால், வேண்டாம் என்பதும் உன் வழியாகத்தான் போக வேண்டும், அவர் நேரில் போய்க் கரடியாகக் கத்தினாலும் செல்லாது. இதுதான் விஷயம். நீ தூக்கம் கெட்டு, வேலைக்கு நடுவில், அப்பா முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆசை ஆசையாகச் செய்ததை நீயே கலைத்துவிடு என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வாசல் பக்கம் போய்விடுகிறார். கோபம் இல்லை கண்ணே, உன்னிடம் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன். அந்த இரண்டு பதக்கமும் நின்றுபோகும், அவர் இருக்கும் காலத்தில் வருமோ வராதோ, எனக்கும் அது தெரியும், அந்தக் கோட்டைத் தொடும்போதெல்லாம் மனசு ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றையும் மாட்டிக்கொண்டு இந்த மனுஷன் கண்ணாடி முன்னால் நிற்க மாட்டார், நிற்கிறவராக இருந்தால் நான் இத்தனை வருஷம் இவரோடு சண்டை போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கவே மாட்டேன்.

நீ முடிவு செய்துவிட்டுக் கூப்பிடு, அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து போன் முன்னால் உட்கார வைப்பது என் பொறுப்பு. மன்னிப்பு கின்னிப்பு என்று எதுவும் ஆரம்பிக்காதே, அவருக்கு அது தாங்காது. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லு. குழந்தையின் இரண்டு கன்னத்திலும் எனக்காக ஒன்று, அப்பாவுக்காக ஒன்று முத்தம் கொடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசுக்கு நிறைவாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தத் தாள்களை அனுப்பும்போது ரேடியோவுடையதை முதலில் அனுப்பு, அப்பாவுடையதைப் பிறகு அனுப்பலாம். நான் தாள்களை உறைக்குள் அடுக்கும்போது பின்னால் வந்து நின்று அவரே சொன்னார், "அவன் எங்கே என்னைப் பேச விட்டான், எப்பவும் முதல்ல அவன்தான், இதுலயும் அவனே முன்னால போகட்டும்" என்று.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா